உங்கள் பெயரில் என் சளி

இராஜபாளையம்,
வியாழக்கிழமை காலை.

மாரீஸ்வரன் அவர்களுக்கு, பாண்டிசெல்வி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை முதலில் போனது. நிறுத்திவிட்டேன். என் நலம் எப்படி என்பது எனக்குத் தெரிவதற்கு நாலு நாள் முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். உங்கள் நலம் எப்படி என்பது உங்களுக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் நம்பரை பிளாக் செய்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு சுந்தரம்மாள் அக்கா போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டு அதையும் பிளாக் செய்தீர்கள். அதனால் ரிஜிஸ்டர் தபால். தபால்காரர் கையெழுத்துக் கேட்பார். உங்கள் கையால் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வேலையை வேறு ஆளை வைத்துச் செய்கிற பழக்கம் உங்களுக்கு இருப்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் திருப்பூரில் உங்கள் தங்கை வீட்டில் அதை வேறு மாதிரி சொல்லிவைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். மகாலட்சுமியும் இதைப் படிக்கட்டும். அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆடிக் கடைசியில் உங்கள் நூல் மில் வாசலில் டி.பி. முகாம் போட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள் எல்லோர் கையிலும் மூடி வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து காறி எடுத்துத் துப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். நீங்கள் அப்போதே மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தீர்கள். டி.பி. என்று வந்துவிட்டால் ரிங் ஃபிரேம் மெஷினைப் பழுது பார்க்கிற பிட்டர் வேலை போய்விடும் என்று பயம். பஞ்சு பிரிக்கிற புளோ ரூம் சங்கிலிப்பாண்டியை அதற்காகத்தான் நிறுத்தினார்கள் என்று யாரோ டீக்கடையில் சொன்னார்களாம். டீக்கடையில் சொன்னால் உங்களுக்கு அது வேதவாக்கு. நெஞ்சிலிருந்து எடுக்காமல் நுனி நாக்கிலிருந்து எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய சாமர்த்தியம் செய்தவரைப் போல வந்து சிரித்தீர்கள். இது எச்சில், சளி இல்லை, நாளைக்கு ஒழுங்காகக் கொண்டு வாங்க என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் அடுப்படியில் நின்றேன். டப்பாவை நீட்டினீர்கள். “ஏட்டி, எனக்குச் சளி வர மாட்டேங்கு. ஒனக்குத்தான் நல்லா வருதே, ஒரு வாய் துப்பிக் குடு” என்றீர்கள்.

ஒனக்குத்தான் நல்லா வருதே. அந்த மூன்று வார்த்தையை நான் ஒரு மாதமாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். என் நெஞ்சில் சளி கட்டியிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறீர்கள். சாயங்காலம் ஆனால் எனக்கு உடம்பு சுடும், விடியும்போது ஜாக்கெட் வேர்த்து நனைந்திருக்கும், அதுவும் தெரியும். ஒரு நாள் ஒரு வார்த்தை, வா ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று வாயில் வந்ததா? பேண்டேஜ் துணி மடிக்கிறவளுக்குப் பஞ்சு தூசி, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டால் சரியாகிவிடும் என்று நீங்களே வைத்தியம் சொல்லி முடித்துவிட்டீர்கள். உங்கள் இருமல் வேலையைப் பறிக்கிற இருமல், என் இருமல் வெல்லத்தில் போகிற இருமல். அந்த நம்பிக்கையில்தானே என் சளியை உங்கள் பெயரில் கொடுக்கத் துணிந்தீர்கள்?

நானும் ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று, என்ன ஏது என்று கேட்காமல் இருமித் துப்பிக் கொடுத்தேன். அந்த மடத்தனத்தை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுடையது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இரண்டு நாள் கழித்து உங்கள் போனுக்கு அழைப்பு வந்தது. மாரீஸ்வரன் சளியில் டி.பி. கிருமி இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். யாருடைய சளி என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அடுப்படியில் உங்களுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நீங்கள் சொல்லவில்லை. திருப்பூரில் மச்சான் கம்பெனியில் ஒரு வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். போகிற போக்கில் உங்கள் அம்மாவிடம் மட்டும், “செல்விக்குத் தட்டு தம்ளரெல்லாம் தனியா வச்சிரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஏன் என்று அவர்களும் கேட்கவில்லை. மகன் சொன்னால் போதுமே. நாலு நாள் எனக்கு மட்டும் ஒடுங்கிப்போன ஒரு தட்டில் சோறு வந்தது. நான் ஏதோ மாமியாருக்குக் கோபம் என்று நினைத்து அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

பெண்டாட்டிக்கு உயிர்க்கொல்லி நோய் என்று தெரிந்ததும் அவள் தம்ளரைத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டு ஓடுகிற ஒரு மனுஷனை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அதிலும் ஒரு சிறப்பு. இந்த நோய் தம்ளரில் வராதாம். தட்டில் வராது, துணியில் வராது. இருமும்போது காற்றில் வருமாம். உங்கள் கோழைத்தனத்துக்குக்கூட உருப்படியான விவரம் இல்லை.

ஐந்தாம் நாள் கௌதம்ராஜ் என்று ஒரு தம்பி பைக்கில் வந்தார். டி.பி. ஆட்களை வீடு வீடாகப் பார்த்து மருந்து கொடுக்கிற வேலை அவருக்கு. மாரீஸ்வரன் அண்ணன் போனை எடுக்க மாட்டேன் என்கிறார், மாத்திரை ஆரம்பிக்கவேண்டும் என்றார். திருப்பூர் போயிருக்கிறார் என்றேன். வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது. தட்டு ஞாபகம் வந்தது. தம்பி, அந்தச் சளி என்னுது என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுதுகிற பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “யக்கா, பதினோரு வருசமா இந்த வேலை பாக்கேன். எச்சில் குடுத்தவன் உண்டு, டப்பாவ ஓடையில போட்டவன் உண்டு. பொண்டாட்டி சளியக் குடுத்த ஆள இப்பத்தான் பாக்கேன்” என்றார். எனக்கு அவமானத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தம்பி சிரிக்கவில்லை. அப்படியென்றால் அண்ணனுக்கு இன்னும் யாரும் பரிசோதனையே செய்யவில்லை, அதை மறந்துவிடாதீர்கள் என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சிவரஞ்சனியைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்து, உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். மறுபடியும் துப்பினேன், இந்தத் தடவை என் பெயரில். மெஷினில் வைத்து அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். கிருமி இருக்கிறது, ஆனால் சாதாரண மருந்துக்கே அடங்குகிற கிருமிதான், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும் என்றார் டாக்டரம்மா. எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு திட்டு. எடை நாற்பத்தொரு கிலோ. என்னம்மா சாப்பிடுகிறாய் என்று கேட்டார். முட்டை அவருக்கும் பிள்ளைக்கும், குழம்பு எனக்கு என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். கிருமி காற்றில் வந்து நெஞ்சுக்குள் போனதும், உடம்பில் இருக்கிற காவல் அணுக்கள் ஓடிவந்து அதைத் தின்னப் பார்க்குமாம். தின்றாலும் செரிக்காதாம். அதனால் சுற்றிவளைத்து நின்று, தாங்களே ஒரு சுவராகி, அதை உள்ளே வைத்துப் பூட்டிவிடுமாம். நூறு பேருக்குள் கிருமி போனால் தொண்ணூறு பேருக்கு அது ஆயுசுக்கும் பூட்டின இடத்திலேயே கிடக்குமாம். உடம்பு சத்துக் குறைந்து தளர்ந்தால் காவலும் தளர்ந்து, சுவர் இடிந்து, அது வெளியே கிளம்பும், அப்போதுதான் நோய் என்றார். உனக்கு உன் வீட்டுக்காரர் கொடுத்தாரா, வேலை செய்கிற இடத்தில் வந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது, அதை வைத்துச் சண்டை போடாதே என்றும் சொன்னார். சரி, அதை வைத்து நான் சண்டை போடவில்லை. சண்டை போட எனக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. தம்ளரில் வராது, காற்றில்தான் வரும் என்று டாக்டரம்மா சொன்னதும், “அப்ப எம்மவன் காத்தையில்லா தனியா வைக்கச் சொல்லிருக்கணும்” என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த ஒடுங்கின தட்டைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் உங்கள் பேச்சை எடுக்கிறதில்லை. நான் எடுத்தால் கொல்லைப்பக்கம் எழுந்து போய்விடுகிறார்கள்.

இனி சிவரஞ்சனியைப் பற்றி. இதை மட்டும் உட்கார்ந்து படியுங்கள்.

அவளுக்கு இருமல் இல்லை, எக்ஸ்ரே சுத்தம். முன்னங்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். சொறியக்கூடாது என்றதும் இரண்டு நாளும் அந்தக் கையைத் தூக்கியபடியே திரிந்தாள். தூங்கும்போதுகூட அந்தக் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்து, புளியங்கொட்டை அளவுக்குத் தடித்துவிட்டது. ஸ்கேல் வைத்து அளந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டரம்மா என் தோளைப் பிடித்து, பயப்படாதே, இந்தத் தடிப்பு நோய் இல்லை, உள்ளே வந்த எதிரியை உன் பிள்ளை உடம்பு அடையாளம் தெரிந்துவைத்திருக்கிறது என்று அர்த்தம், எதிர்த்து நிற்கிறது, அதற்குத் துணையாக நாம் ஆறு மாதம் மாத்திரை கொடுப்போம் என்றார்.

கேட்டுக்கொண்டீர்களா? ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பு எதிரியைப் பார்த்து எதிர்த்து நின்றிருக்கிறது. முப்பத்தாறு வயது அப்பன் திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்திருக்கிறான். பஸ் ஏறினபோது இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்தீர்களா? நாலு நாள் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் மூச்சை மூச்சாக இழுத்துக்கொண்டு தூங்கினாள். தெரிந்திருந்தால் தள்ளிப் படுத்திருப்பேனே. அந்த நாலு நாளை நான் உங்களுக்கு மன்னிக்க மாட்டேன். இதை அழுதுகொண்டு எழுதவில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ பால்கோவா வாங்கி நானும் அவளும் உட்கார்ந்து தின்று தீர்த்தோம். உங்களுக்கென்று எடுத்துவைக்கவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. தினமும் வெறும் வயிற்றில் மூன்று பெரிய மாத்திரை. முதல் பத்து நாள் குமட்டிக்கொண்டு வந்தது. சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகிறது, மருந்தினால்தான், பயப்படவேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். மூன்றாம் வாரம் காய்ச்சல் நின்றது. இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. இரண்டே கால் கிலோ கூடியிருக்கிறேன். வீட்டு முட்டை இப்போது எனக்கு வருகிறது. உங்கள் அம்மாதான் உரித்து வைக்கிறார்கள்.

உங்கள் மில்லுக்கும் போய்வந்தேன். சூப்பர்வைசர் சுப்புராஜ் அண்ணாச்சியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “டி.பி.ன்னு யாரம்மா வேலைய விட்டு நிறுத்துனா? சங்கிலிப்பாண்டி நைட் ஷிப்டுல பஞ்சு மூட்டை மேல படுத்துத் தூங்குனான், மூணு தடவ சொல்லிப் பாத்தோம், நிறுத்துனோம். மாரீஸ்வரன மருந்து தின்னுட்டு டாக்டர் சீட்டோட வரச் சொல்லு” என்றார். ஆக, ஒருத்தன் தூங்கிய தூக்கத்துக்குப் பயந்து நீங்கள் இத்தனையும் செய்திருக்கிறீர்கள். வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சூரப்புலி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்து ஊரைவிட்டே ஓடியிருக்கிறது. உங்கள்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கோபமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது. இப்போது உங்களை நினைத்தால் கேவலமாகத்தான் இருக்கிறது.

சரி, இவ்வளவையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன். நேற்று முன்தினம் மகாலட்சுமி எனக்கு போன் செய்தாள். மதினிக்குச் சீக்கு என்று அண்ணன் சொன்னதாம், அது தொற்றிவிடக்கூடாதே என்றுதான் அங்கே வந்திருக்கிறதாம், தன் அண்ணனை நான் ஒழுங்காகக் கவனித்திருந்தால் இப்படி மெலிந்திருக்குமா என்று கேட்டாள். சாயங்காலமானால் அண்ணன் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறது என்றாள். டெஸ்ட் எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதாகவும் நீங்கள் சொன்னீர்களாம். என்ன டெஸ்ட், எந்த ஊரில்? அவள் பேசப் பேசப் பின்னால் உங்கள் இருமல் கேட்டது. எனக்குத் தெரியாத இருமலா? முன்பு இரண்டு இருமி நிறுத்துவீர்கள், செத்த நேரம் கழித்து நீளமாக ஒன்று வரும். இப்போது நிறுத்தமே இல்லை. நான் எண்ணினேன், பதினேழு. அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

கடைசியில் ஒன்று சொன்னாள், அதுதான் ஏறியது. “பெய எங்கிட்ட வரவே மாட்டேங்கான் மதினி, மாமன் நெஞ்சுமேலதான் தூங்குதான்” என்றாள். அவளுடைய எட்டு மாதப் பிள்ளை. நான் பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். உன் சீக்கை எங்கள் அண்ணன் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். இப்போது அவளும் என்னை பிளாக் செய்துவிட்டாள். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான் தெரிகிறது.

மகாலட்சுமி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், என்மேல் உள்ள கோபத்தை எல்லாம் அப்படியே வைத்துக்கொள். நான் சொல்வதை நம்பவேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், வீட்டில் ஒருவர் ஐந்து மாதமாக இருமுகிறார் என்று மட்டும் சொல். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் காவல் இன்னும் பலப்படவில்லை, கிருமி சுவர் தாண்டி மூளைவரைக்கும் போகும் என்று டாக்டரம்மா சொன்னார். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன், உன் அண்ணன் எனக்குச் சொல்லாமல் போனதைப் போல நான் இருக்கமுடியாது.

உங்களுக்குக் கடைசியாக ஒரு விஷயம். உங்கள் பெயர், போன் நம்பர், தங்கை வீட்டு விலாசம் எல்லாவற்றையும் கௌதம்ராஜிடம் நேற்றே கொடுத்துவிட்டேன். அவர் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயோ பின்னாலேயோ அந்த ஊர் ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். பின்பக்கச் சுவரேறிக் குதித்து அடுத்த ஊருக்கு மட்டும் ஓடாதீர்கள். இருமிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடுவீர்கள்? தினமும் மூன்று மாத்திரையைத் தின்று நாற்பத்தொரு கிலோவில் கிடந்த பொம்பளை நான் எழுந்து உட்கார்ந்து உங்களை இந்தக் கிழி கிழிக்கிறேன். உங்களால் முடியாதா?

முதலில் அந்தப் பிள்ளையை நெஞ்சிலிருந்து இறக்கி அதன் அம்மாவிடம் கொடுங்கள். மகாலட்சுமி திட்டுவாள், திட்டட்டும். பிறகு டப்பாவை வாங்குங்கள். கிருமி என்று வந்தால் மாத்திரையை ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிடுங்கள், நடுவில் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தினால் கிருமி மருந்துக்கே அடங்காமல் போய்விடும். பிறகு உங்களுக்கு இந்த வீட்டுக்கு வரத் தோன்றினால் வாருங்கள். வந்தால் கதவைத் திறப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் உயிரோடு வாருங்கள். நான் இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கவில்லை. செத்தவனைத் திட்ட என்னால் முடியாது.

இப்படிக்கு,
சிவரஞ்சனியின் அம்மா
பாண்டிசெல்வி